வெர்மொண்ட் வாக்குகளும் ஒரு மரக்கரண்டியும்

கொட்வினுக்குப் பயம் வந்தால் வாய் கூடிவிடும். அன்று கொலோனில் புறப்பட்டதிலிருந்து அவன் வாய் ஓயவே இல்லை.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். உலகத்தில களவெடுக்க எவ்வளவு சாமான் கிடக்கு. நகை கிடக்கு, கார் கிடக்கு, என்ர மனிசி சுட்ட மீன் றோல்ஸ் கிடக்கு. வோட்டைப் போய் ஆர் களவெடுப்பான்?"

"இலங்கையில பிறந்த ஆள் கேக்கிற கேள்வியே இது?" என்றாள் சியாமளா, கண்ணைத் திறக்காமலே.

சியாமளா பல வருடங்கள் ஜெர்மன் நீதிமன்றங்களில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவள். உண்மையையும் பொய்யையும் இரண்டு மொழியிலும் கேட்டுக் காது பழுத்த பிறகு, கொலோனில் ஒரு பாண் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த கொட்வின் அவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான். அலுவலகத்தின் சாரதி, கமராக்காரன், தேநீர் ஊற்றுகிறவன் எல்லாம் அவன்தான். சம்பளம் இவற்றுக்கு மட்டும், வாய் இலவசம்.

இந்த வழக்கைப் பிடித்து வந்ததும் அவன்தான். அதனால்தான் பயம். கைசர்ஸ்லவுட்டர்னுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பஸ் தரிப்பிடத்தில் அவர்களுக்காகக் காத்து நின்ற பிளோறன்ஸ், ஒரு காலத்தில் அவனோடு ஒரே அகதி முகாமில், ஒரே குசினியில் சமைத்தவள். மன்னார்க்காரி. அவள் களவெடுத்தாள் என்று சொன்னால் மடு மாதாவே நம்பமாட்டா என்பது கொட்வினின் கட்சி. ஆனால் பொலிஸ்காரர் மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லையே.

பிளோறன்ஸ் பின்சீட்டில் ஏறினாள். அழுது முடித்து வந்த முகம்.

"அண்ணை, இண்டைக்கு நாலு மணிக்குள்ள வோட் வராட்டி அந்த அமெரிக்க ரீச்சர் பொலிஸில அன்சைகே குடுப்பாவாம், முறைப்பாடு."

விசயம் இதுதான். பிளோறன்ஸ் அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டைத் துப்புரவு செய்கிறாள். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் ஹெர் ஹாஃப்னர். மேல்மாடியில் வாடகைக்கு ஹெலன் விட்கம், அருகிலிருந்த அமெரிக்க இராணுவத் தளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஹெலனின் ஊர் வெர்மொண்ட். அமெரிக்காவிலேயே சின்ன மாநிலங்களில் ஒன்று. காங்கிரசின் கீழ்ச்சபைக்கு மொத்த மாநிலத்துக்கும் ஒரே ஒரு ஆசனம். 2006 நவம்பர், வருகிற செவ்வாய்க்கிழமை அதற்குத் தேர்தல். தளத்தைச் சுற்றியிருந்த வெர்மொண்ட்காரர் எல்லாரும் தங்கள் தபால் வாக்குகளை ஒட்டி ஹெலனிடம் ஒப்படைத்திருந்தார்கள், அவள் சேர்த்து கூரியரில் அனுப்புவாள் என்று. நேற்று வியாழக்கிழமை மாலை ஹெலன் வீட்டுக்கு வந்தால் வாக்குகளைக் காணவில்லை. பகலில் அந்த வீட்டுக்குள் போய்வந்தது பிளோறன்ஸ் மட்டும்.

"மற்றக் கட்சிக்காரர் உனக்கு என்ன தந்தவை எண்டு முகத்துக்கு நேர கேட்டவ அக்கா," என்றாள் பிளோறன்ஸ். "திங்கட்கிழமை எனக்கு டேர்மின், ஒப்பிசில நேரம் குறிச்சுத் தந்திருக்கினம். ஜெர்மன் பிரஜாவுரிமையைக் கையில தாற டேர்மின். அன்ட்ராக் எண்டு விண்ணப்பம் போட்டு எத்தினை வருசம் காத்திருந்தனான். இப்ப பொலிஸில ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் நிண்டுபோம்."

"அழாதேங்கோ. வழக்கு இன்னும் விழேல்லை," என்றாள் சியாமளா.

"பகிடி என்னெண்டால், நான் இண்டைவரைக்கும் ஒரு நாட்டிலயும் வோட் போட்டதில்லை. ஊரில சண்டை. இஞ்ச உரிமையில்லை. வோட் எப்பிடி இருக்கும் எண்டே தெரியாது. அதை நான் களவெடுத்தனாம்."

கொட்வினுக்கு ஒரு பகிடி வாயில் வந்தது. விழுங்கிவிட்டான். அவனுக்கு அது அபூர்வம்.

ஹெலன் தன் காரைப் பின்முற்றத்தில் நிறுத்தி, பின்படியால் ஏறுகிற ஆள். அதனால் கொட்வினும் பின்பக்கமே காரை விட்டான். மேல்மாடிக் குசினியில் ஹெலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நெட்டையான பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளும் இரவு தூங்கவில்லை. அவளுக்கு ஜெர்மன் அரைகுறை, பிளோறன்ஸுக்கு ஆங்கிலம் அறவே இல்லை. சியாமளாவிடம் அவள் ஆங்கிலத்தில் கொட்டினாள்.

"நான் கெட்டவளில்லை. ஆனால் இது விளையாட்டும் இல்லை. இரண்டு வேட்பாளருக்கும் நடுவே மயிரிழைதான் வித்தியாசம் என்று எங்கள் ஊர்ப் பேப்பர் எழுதுகிறது. அந்த வாக்குகளில் ஒன்றைத் தந்தவளுடைய கணவன் ஈராக்கில் இருக்கிறான். கையைப் பிடித்துக்கொண்டு தந்தாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?"

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

ஹெலன் கதவுக்குப் பக்கத்துக் கொளுக்கியைக் காட்டினாள். நீலத் துணிப்பை ஒன்று அங்கேயே தொங்கியது. உள்ளே வெறுமை.

சியாமளா பையைத் தொட்டுப் பார்த்தாள். "வேறு ஏதாவது காணாமல் போனதா?"

ஹெலன் தயங்கினாள். "சிரிக்காதீர்கள். ஒரு மரக்கரண்டி. நேற்றுக் காலை அப்பா அதனால்தான் ஓட்ஸ் கஞ்சி துழாவினார். மாலையில் அதுவும் இல்லை."

கொட்வினால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அக்கா, நல்ல கள்ளன். பையைத் தொங்கவிட்டிட்டு, ஒரு கையில வோட்டையும் மற்றக் கையில கரண்டியையும் பிடிச்சுக்கொண்டு ஓடியிருக்கிறான். அவனைப் பிடிக்கிறது லேசு. ரோட்டில ஆரும் கஞ்சி துழாவிக்கொண்டு போனவையோ எண்டு கேட்டால் சரி."

சியாமளா சிரிக்கவில்லை. "அப்பா எங்கே?" என்று ஹெலனிடம் கேட்டாள்.

"ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர். நேற்று நான் பள்ளிக்குப் போன பிறகு டாக்சி எடுத்து லக்சம்பர்க் போய்விட்டார். அங்கே போர்வீரர் மயானத்தில் அவருடைய அண்ணனின் கல்லறை இருக்கிறது. கைத்தொலைபேசி வைத்துக்கொள்ளமாட்டார். அவரை இதில் இழுக்காதீர்கள். தன் வாக்கை ஊரிலேயே போட்டுவிட்டு வந்தவர். அவருக்கு இந்த உறைகள் எதற்கு?"

சியாமளா குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அதில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மண்ரோடு. ரோட்டோரத்தில் நட்ட ஒரு கட்டையின் மேலே நீளமான தகரப்பெட்டி, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பாக என்னவோ நிமிர்ந்து நின்றது. ஒரு கிழவர் அதில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பின்னால் மாடுகள்.

"பண்ணை வீடு?"

"ஆமாம். மாடுகளும் மேப்பிள் மரங்களும். மரத்தில் சாறு இறக்கிப் பாணி காய்ச்சுவார்."

"எங்கட பனம்பாணி மாதிரி," என்றான் கொட்வின். "பாணி காய்ச்சிற ஊரில கள்ளர் இருக்கமாட்டினம் அக்கா. ஒட்டிப் பிடிபட்டிடுவினம்."

"கொட்வின், நீர் வெளியில போய்க் கரண்டியைத் தேடும்."

"வோட்டையோ கரண்டியையோ?"

"கரண்டியை. வோட்டைக் களவெடுக்க ஆயிரம் காரணம் இருக்கும். மரக்கரண்டியைக் களவெடுக்க ஒரு காரணமும் இல்லை. அப்ப அது களவு போகேல்லை. ஆரோ ஒரு வேலைக்கு எடுத்திருக்கினம். அந்த வேலை என்னெண்டு தெரிஞ்சால் மிச்சம் தெரியும்."

மணி மூன்றை நெருங்கியிருந்தது. கொட்வின் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான். பின்முற்றத்தில் ஹாஃப்னரின் முயல்கூடுகள் வரிசையாக இருந்தன. முயல்கள் அவனைப் பார்த்து மூக்கை ஆட்டின. கரண்டி இல்லை. குப்பைத் தொட்டிகளைத் திறந்தான், நாற்றந்தான் மிச்சம். கடைசியில் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்கேற்றுக்கு வந்தான்.

கேற்றுக் கட்டையில் ஹாஃப்னரின் பெயர் எழுதிய ஒரே ஒரு தபால்பெட்டி. அந்தப் பெட்டிக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மரக்கரண்டி செங்குத்தாகச் செருகப்பட்டு நின்றது. அதன் தலையில் ஒரு சிவப்புக் கட்டம்போட்ட கைக்குட்டை கட்டியிருந்தது. காற்றில் மெதுவாக ஆடியது.

கொட்வினுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளைக்கு முன்தான் ஹலோவீன். அக்கம்பக்கத்து வாசல்களில் பூசணிக்காய்கள் இன்னும் அழுகிக்கொண்டிருந்தன. பிள்ளைகளின் குரங்குச் சேட்டை என்று முடிவுகட்டி, சியாமளாவைக் கைத்தொலைபேசியில் கூப்பிட்டான்.

அவள் பிளோறன்ஸோடு வந்தாள். கரண்டியைத் தொடாமல், கைக்குட்டையின் முடிச்சை மட்டும் குனிந்து பார்த்தாள்.

"பிள்ளையள் போட்ட முடிச்சு இல்லை. மாடு கட்டிற முடிச்சு. பிளோறன்ஸ், நேற்று நீங்கள் இதைக் கண்டனீங்களோ?"

"ஓம், கண்டனான். பிள்ளையளின்ர வேலை எண்டு விட்டிட்டன்."

"இந்தப் பெட்டியின்ர திறப்பு ஆரிட்ட?"

"என்னட்டத்தான். ஹெர் ஹாஃப்னர் கூர் போயிருக்கிறார், வைத்திய ஓய்வுக்கு. மாசக் கடைசியிலதான் வருவார். அதுவரைக்கும் முயலுக்குச் சாப்பாடு போடுறதும் கடிதம் எடுக்கிறதும் நான்தான்."

திறந்து காட்டினாள். பெட்டி காலி.

"ஹெலனின்ர கடிதங்கள்?"

"அவவுக்கு இதில ஒண்டும் வராது. அவவின்ர தபால் முழுக்க அமெரிக்கக் காம்புக்குத்தான் போறது. அவ இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. இதுக்குள்ள கிடக்கிறது எல்லாம் ஹாஃப்னரின்ரதான். அவர் முயல் வளர்ப்போர் சங்கத்துத் தலைவர். கடிதம் குவியும். விளம்பரத்தாளை முயல்கூட்டுக்கு அடியில விரிப்பன். கடிதத்தைக் கீழ்வீட்டுக்குள்ள ஒரு கூடையில போட்டுவைப்பன்."

"நேற்று என்ன கிடந்தது?"

"விளம்பரம். பிறகு ஒரு கட்டுக் கடிதம், றப்பர் வளையம் போட்டது. தபால்காரன் எப்பவும் அப்பிடித்தானே கட்டிப் போடுறவன்?"

சியாமளா கண்ணை மூடித் திறந்தாள்.

"பிளோறன்ஸ், வோட்டை எடுத்தது நீங்கள்தான்."

"அக்கா, உங்களுக்கு விசரே?" என்று கொட்வின் கத்தியேவிட்டான். பிளோறன்ஸ் கத்தவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடிதம் எண்டு நினைச்சுத்தான் எடுத்தனீங்கள். தபால் வோட் கடிதம் மாதிரித்தான் இருக்கும். வெறும் வெள்ளை உறை. அதை ஒருக்காலும் காணாத ஆளுக்கு என்னெண்டு தெரியும்?"

"மாதாவே," என்றாள் பிளோறன்ஸ். "கூடைக்குள்ள கிடக்கு. என்ர கையாலதான் போட்டனான்."

"அப்ப என்ன யோசனை? கதவைத் திறப்பம், எடுத்துக் குடுப்பம், போவம்," என்றான் கொட்வின்.

"குடுத்தால் என்ன நடக்கும்? கீழ்வீட்டுத் திறப்பு இவவிட்ட மட்டும். காணாமற்போன வோட் இவவின்ர கூடைக்குள்ள. பொலிஸ் எண்டதும் கள்ளி பயந்து திருப்பித் தந்திட்டாள் எண்டுதான் ஹெலன் சொல்லுவா. அதுக்குப் பிறகு கரண்டிக் கதை சொன்னால், நீர் எண்டாலும் நம்புவீரோ?"

கொட்வின் நம்பியிருக்கமாட்டான். நேர்மையாக வேலை செய்தவளை அந்த நேர்மையே கழுத்தில் பிடித்திருக்கிறது என்று நினைக்க அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"உண்மை முதல்ல ஹெலனின்ர வாயால வரவேணும். கதவு பிறகு," என்றாள் சியாமளா. "கொட்வின், தபால்பெட்டிக்கு முன்னால வந்து நில்லும். நேராக. கொஞ்சம் அகலமாக."

கொட்வினின் உடம்பு தொழிலுக்கு உதவியது அதுதான் முதல் தடவை. கரண்டியும் கைக்குட்டையும் அவன் முதுகுக்குப் பின்னால் முழுதாக மறைந்தன.

ஹெலன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் தொலைபேசி. "இனி என்னால் பொறுக்க முடியாது. இன்று கூரியர் போனால்தான் திங்களன்று ஊரில் இருக்கும். நான் பொலிஸைக் கூப்பிடப்போகிறேன்."

"கூப்பிடுங்கள்," என்றாள் சியாமளா. "அதற்கு முன் ஒரு கேள்வி. நேற்றுக் காலை வீட்டிலிருந்து புறப்படும்போது இந்த உறைகளைப் பற்றி அப்பாவிடம் ஏதாவது சொன்னீர்களா?"

"இவை இன்றைக்கே போயாகவேண்டும், மாலையில் எனக்கு ஞாபகப்படுத்துங்கள் என்றேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், தலையாட்டினார். ஏன்?"

"பண்ணை வீட்டில் இருக்கும்போது அப்பா கடிதம் அனுப்புவதென்றால் எங்கே போடுவார்?"

"எங்கே போடுவார்? பெட்டியில்தான்."

"எந்தப் பெட்டியில்?"

"எங்கள் வீட்டுப் பெட்டியில். ரோட்டோரத்தில் இருக்கும். உள்ளே வைத்துவிட்டு, பக்கத்திலுள்ள சிவப்புக் கொடியை நிமிர்த்திவிட்டால் போதும். தபால்காரர் வரும்போது எடுத்துக்கொண்டு..."

ஹெலன் நிறுத்திவிட்டாள்.

"கொட்வின்," என்றாள் சியாமளா, "கொஞ்சம் தள்ளும்."

கொட்வின் தள்ளினான். மரக்கரண்டி செங்குத்தாக நின்றது. சிவப்புக் கைக்குட்டை ஒருமுறை ஆடி ஓய்ந்தது. ஹெலனின் தொலைபேசி தானாகவே கீழே இறங்கியது.

"அது அப்பாவின் கைக்குட்டை," என்றாள். "பெட்டியில் கொடி இல்லையென்று அவரே ஒன்று செய்து வைத்திருக்கிறார்."

"இந்த நாட்டில் வீட்டுப் பெட்டிக்குக் கடிதம் வரும். அதிலிருந்து போகாது," என்றாள் சியாமளா. "உங்கள் அப்பாவுக்கு அது தெரியாது. இந்தப் பெட்டியைத் தினமும் திறக்கிற பிளோறன்ஸுக்கு, அமெரிக்கத் தபால்பெட்டிக் கொடி தெரியாது. பெட்டியில் கிடந்தது வீட்டுக்காரரின் கடிதம் என்று எடுத்துப் பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறாள். வாருங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள்."

கீழ்வீட்டுத் திறப்பைப் பிளோறன்ஸ் எடுத்து நீட்டினாள். கொட்வின் வாங்கித் திறந்தான். நடையில் ஒரு பிரம்புக் கூடை. மேலே முயல் சங்கத்துச் சஞ்சிகைகள், அதற்குக் கீழே மின்சாரக் கொம்பனியின் கடிதங்கள். கடிதக் கட்டைக் காணவில்லை. விளம்பரத்தோடு சேர்ந்து முயலுக்கு அடியில் போயிருந்தால்? கொட்வின் மனத்துக்குள் மடு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தான், உடனே இரண்டாக்கினான்.

"இந்தா," என்றாள் பிளோறன்ஸ்.

கூடையின் அடியில், பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, றப்பர் வளையம் போட்டபடி கட்டு கிடந்தது. ஹெலன் ஒவ்வொரு உறையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிறகு பிளோறன்ஸிடம் திரும்பி, அரைகுறை ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. வழக்கம்போல வியாழக்கிழமை வரவேண்டும் என்றும் சொன்னாள்.

பிளோறன்ஸ் வெளியே போனாள். இடுக்கிலிருந்து மரக்கரண்டியை உருவி, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து, மடித்துக்கொண்டு வந்தாள். தன் கொத்திலிருந்து மேல்மாடித் திறப்பை மட்டும் கழற்றினாள். மூன்றையும் ஹெலன் கையிலிருந்த கட்டின் மேலே வைத்தாள்.

"கரண்டியும் இருக்கிறது," என்றாள் ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக. "களவுபோனது எல்லாம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை நான் வரமாட்டேன்."

கூரியருக்கு நேரமாகியிருந்தது. ஹெலன் கட்டை அணைத்தபடி தன் காருக்கு ஓடினாள்.

பஸ் தரிப்பிடத்தைத் தாண்டியும் பிளோறன்ஸ் இறங்கவில்லை, அவர்களும் இறக்கவில்லை. அவளை வீட்டிலேயே விடுவதாகக் கொட்வின் சொன்னான்.

"அக்கா, திங்கட்கிழமை டேர்மினுக்கு எந்தச் சாறி உடுத்தலாம்?" என்றாள் பிளோறன்ஸ் திடீரென்று.

"சிவப்பைத் தவிர எதுவெண்டாலும் உடுத்துங்கோ," என்றான் கொட்வின். "தபால்காரன் தூக்கிக்கொண்டு போயிடுவான்."

அவள் அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்தாள். அடுத்த சந்தியில் காரைத் திருப்பச் சொன்னாள்.

"ஏன், என்னத்தை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்றான் கொட்வின். "அந்த வேலைதான் வேண்டாமெண்டிட்டீங்களே."

"மேல்வீட்டு வேலைதான் வேண்டாமெண்டனான்," என்றாள் பிளோறன்ஸ். "முயலுக்கு இன்னும் சாப்பாடு போடேல்லை அண்ணை. அதுகள் என்னைக் கள்ளி எண்டு சொல்லேல்லை."

கொட்வின் காரைத் திருப்பினான்.